எங்கள் சந்தின் மார்கழி

குளிர்காலத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வாசக சகோதரிகளுள் சிலர் சிரிக்கக்கூடும். ஓமலூரில் ஏதம்மா குளிர் என்று கேட்பவர்கள் நீலகிரியிலோ, ஏற்காட்டிலோ வாழ்பவர்களாக இருக்க வேண்டும். எங்களைப் போலச் சித்திரையிலும் வைகாசியிலும் நாற்பது பாகை வெயிலைத் தலையில் தாங்குபவர்களுக்கு, மார்கழி அதிகாலையில் வெப்பம் பதினெட்டு, பத்தொன்பது பாகைக்கு இறங்கினால் அதுவே குளிர். போர்வைக்குள் கால்களை மடக்கிக்கொள்ளவும், அடுப்படியில் இன்னும் ஐந்து நிமிடம் நிற்கவும், அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்து "இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, இல்லைங்களா?" என்று பேச்சைத் தொடங்கவும் அந்தக் குளிர் போதும்.

எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ள சமவெளி. கிழக்கே சேர்வராயன் மலை சுவர்போல் நிற்கிறது. அதன் உச்சி 1600 மீட்டரையும் தாண்டும். மழை ஓய்ந்து வானம் தெளிந்த மார்கழி இரவுகளில் மலைச்சரிவின் காற்று குளிர்ந்து, கனத்து, மெல்லக் கீழே இறங்கிச் சமவெளியில் தங்கிவிடுகிறது. அதனால்தான் விடியற்காலையில் அடுப்புப் புகை மேலே போகாமல் ஓட்டுக் கூரைகளின் மட்டத்திலேயே மிதக்கிறது. தரையோரம் குளிர்ந்த காற்றும் அதற்குமேல் சற்றே வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும்போது, தொலைவின் ஒலிகள் மேலே சென்று மறையாமல் தரையை நோக்கி வளைந்து வரும் என்கிறது அறிவியல். மேட்டூர் அணைக்குக் கிளை பிரியும் எங்கள் ஓமலூர்ச் சந்திப்பில் ரயில் ஊதினால், வேனிலில் எனக்குக் கேட்பதில்லை. மார்கழியில் கொல்லைப்புறத்தில் ஊதுவது போலிருக்கிறது.

நான் பிறந்தது நாமக்கல்லில். வரலாற்றுப் பாடத்தில் இளங்கலை முடித்த கையோடு, 2000ஆம் ஆண்டில் மணமகளாக இந்த ஊருக்கு வந்தேன். அவ்வாண்டு ரமளான் நவம்பர் இறுதியில் தொடங்கி டிசம்பர் இறுதியில் பெருநாளோடு முடிந்தது. புகுந்த வீட்டில் என் முதல் நோன்பு, பாதி கார்த்திகையிலும் பாதி மார்கழியிலுமாகக் கழிந்தது. சஹருக்கு எழுப்பத் தாயிரா தட்டிக்கொண்டு வரும் பக்கீர்சாவின் குரல் பனிக்குள்ளிருந்து முதலில் வரும்; அவருடைய கைவிளக்கு பிறகுதான் தெரியும். மாமனார் கிணற்றடியில் ஒளுச் செய்துவிட்டுத் துண்டால் காதுகளைப் பொத்திக்கொண்டு உள்ளே வருவார். "மருமகப் புள்ளைக்கு முதல்ல சூடா ஊத்து" என்று மாமியிடம் சொல்லிவிட்டுத்தான் தம் தட்டின்முன் அமர்வார். அடுத்த ஆண்டு நோன்பு முடிந்து சில வாரங்களில் அவர் இறையடி சேர்ந்தார். அந்த இரண்டு நோன்புகளைத்தான் மாமி "மார்கழி நோன்பு" என்று இன்றும் குறிப்பிடுவார்கள். இரண்டாவது நோன்பு முழுவதும் கார்த்திகையோடு ஏறத்தாழ முடிந்துவிட்டது என்று நான் ஒருமுறை கணக்குச் சொன்னேன். மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார்களே தவிரப் பதில் சொல்லவில்லை.

* * *

எங்கள் வீடு இருப்பது கடைவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். இரு கைகளை விரித்தால் எதிரெதிர்த் திண்ணைகளைத் தொட்டுவிடலாம் என்று விருந்தினர்கள் கேலி செய்வார்கள். அது மிகைதான், என்றாலும் கார் நுழையாது. தமிழ் பேசும் எங்களைப் போன்றோர், வீட்டில் உருது பேசும் குடும்பங்கள், மாற்றுமதச் சகோதரர்கள் என்று பதினான்கு வீடுகள். சுவருக்குச் சுவர் பொது. ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்மல். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் நான்கு வீட்டில் வைத்தியம் சொல்வார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். நான்கைந்து ஆண்டுகளாகவே அந்த எண்ணம் என் மனத்தில் இருந்தது. நெடுஞ்சாலைப் பக்கம் புதிய மனைகள் பிரிந்துகொண்டிருந்தன. அங்கே சுற்றுச்சுவரும் மாடியும் கார் நிறுத்த இடமும் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். இங்கே மழை பெய்தால் சாக்கடை வாசலைத் தொடுகிறது. நாம் இரகசியமாகப் பேசியதை மறுநாள் எதிர்வீட்டில் நலம் விசாரிப்பதுபோல் கேட்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன், விடுப்பில் வந்தால் நண்பர்களை எங்கே உட்கார வைப்பது என்கிறான். என் கணவர் முதலில் தயங்கினார். பிறகு நானே சொல்லிச் சொல்லி, சென்ற ஆண்டு ஐப்பசியில் அவரும் இசைந்துவிட்டார். கடைவீதி வணிகர் ஒருவர் சரக்கு வைக்கும் கிடங்குக்காகக் கேட்டார். தை பிறந்ததும் முன்பணம் வாங்கி ஒப்பந்தம் எழுதுவதாக வாய்ப்பேச்சு முடிந்தது.

மாமியிடம் சொன்னபோது, "உங்க இஷ்டம்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்கள். எழுபத்தாறு வயது. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை சொற்கள் இருந்தன என்று நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

இதுதான் இந்தச் சந்தில் நமக்குக் கடைசி மார்கழி என்றான பிறகு, என்னை அறியாமலே எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினேன்.

* * *

எங்கள் சந்தின் மார்கழி நாள், கிணற்று ராட்டினத்தின் கீச்சொலியோடு தொடங்குகிறது. வீட்டில் குழாயும் மேல்தொட்டியும் உண்டு. ஆயினும் மாமி விடியற்காலை நாலரை மணிக்குக் கொல்லைக் கிணற்றில் இரண்டு வாளி தண்ணீர் சேந்தித்தான் ஒளுச் செய்வார்கள். தொட்டித் தண்ணீர் இரவெல்லாம் பனியில் நின்று சில்லிட்டிருக்கும். கிணற்று நீரோ கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். பூமிக்குள் சில மீட்டர் ஆழத்தில் வெப்பம் கோடையிலும் குளிரிலும் அதிகம் மாறுவதில்லை. ஆண்டின் சராசரி வெப்பத்திலேயே நிற்கும் அந்த நீர், வெளிக்காற்று குளிரும்போது நமக்குச் சூடாகத் தோன்றுகிறது. மார்கழியில் கிணற்று வாயிலிருந்து ஆவி எழுவதைப் பார்க்கலாம். "அல்லாஹ் எனக்காக ராத்திரியெல்லாம் அடுப்பு மூட்டி வச்சிருக்கான்" என்பார்கள் மாமி.

அந்த ராட்டினத்தின் கீச்சொலி எனக்குப் பல ஆண்டுகளாகத் தலைவலி. ஒருநாள் எண்ணெய்ப் புட்டியோடு போனேன். மாமி தடுத்துவிட்டார்கள்.

"போடாதே. பக்கத்து வீட்டுப் பொண்ணு அதைக் கேட்டுத்தான் எந்திரிக்கிறா."

பக்கத்து வீட்டுப் பெண் என்று மாமி சொல்லும் அக்காவுக்கு ஐம்பது வயதாகிறது. எங்கள் ராட்டினம் கீச்சிட்டதும் அவர்கள் எழுந்து, வாசலில் சாணம் தெளித்து, மார்கழிக் கோலம் போடத் தொடங்குவார்கள். சிறிது நேரத்தில் கோயில் ஒலிபெருக்கி பாடும். அது ஓயும் இடைவெளியில் பள்ளிவாசலின் சுபுஹு பாங்கு ஒலிக்கும். பால்காரரின் மணி, பள்ளிக்கு விரையும் ஆண்களின் செருப்பொலி, நெடுஞ்சாலையில் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் சபரிமலைக்குச் செல்லும் வண்டிகளின் இரைச்சல் எல்லாம் அடுத்தடுத்துச் சேரும். தொழுதுவிட்டு நான் கதவைத் திறக்கும்போது அக்கா கோலத்தின் நடுவில் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருப்பார்கள். "பாத்து வாங்க டீச்சரம்மா, மாவு ஈரமா இருக்கு" என்பார்கள். என் வீட்டு வாசலையும் சேர்த்தே அவர்கள் பெருக்கியிருப்பார்கள். இத்தனை ஆண்டுகளில் இதற்கு நான் நன்றி சொன்னதில்லை என்பதே சென்ற மார்கழியில்தான் எனக்கு உறைத்தது.

* * *

ஆறேகால் மணிக்கு என் மக்தபுப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். இருபத்திரண்டு சிறுமிகள். முன்னறையில் பாய் விரித்து அமர்வார்கள். குளிர்காலத்தில் அவர்கள் ஓதும்போது வாயிலிருந்து புகைபோல் மூச்சு வருகிறதா என்று ஒருவரையொருவர் ஊதிப் பார்ப்பதே முதல் பாடம். எங்கள் ஊர்க் குளிருக்கு அப்படியெல்லாம் வருவதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர்கள் ஊதுவதை நிறுத்துவதில்லை. நானும் இப்போது தடுப்பதில்லை.

மார்கழியில் நான் தவறாமல் எடுக்கும் பாடம் குறைஷ் அத்தியாயம். நான்கே வசனங்கள். அரபு மொழியில் குளிர்காலத்துக்கு "ஷிதா" என்று பெயர் என்பதை அந்த அத்தியாயத்திலிருந்தே சொல்லிக் கொடுப்பேன். மக்காவின் குறைஷி வணிகர்கள் குளிர்காலத்தில் தெற்கே யமன் நாட்டுக்கும், கோடையில் வடக்கே ஷாம் நாட்டுக்கும் பயணம் போனார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். சென்ற மார்கழியில் ஒரு சிறுமி கேட்டாள்: "குளிர்ல வீட்டுல இருக்காம எதுக்கு உஸ்தாதும்மா ஊருக்குப் போனாங்க?"

"பசிக்காக" என்றேன்.

"எங்க அத்தாவும் வெல்ல ஆலைக்கு ராத்திரியே போயிடுறாரு" என்றாள் அவள்.

ஓமலூர் வட்டாரத்தில் கரும்பும் வெல்ல ஆலைகளும் உண்டு. பொங்கலுக்கு முன் மார்கழி முழுவதும் அங்கே வேலை ஓயாது. கரும்புப் பாலை அகன்ற கொப்பரையில் ஊற்றி, கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சி, பாகு பதத்தில் இறக்கி உருட்டுவார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வீசும் விடியற்காலைகளில் பாகின் மணம் எங்கள் சந்து வரைக்கும் வரும். "ஆகா, என்ன மணம்!" என்று நான் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்த அந்த மணத்துக்குள் இந்தச் சிறுமியின் தந்தை நெருப்பின்முன் விழித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் அணிந்திருந்தது மெல்லிய பருத்திச் சட்டை. முக்காட்டைத்தான் போர்வைபோல் சுற்றியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலம் போயிருந்தபோது, குளிர்காலம் தோறும் கம்பளி ஆடைகளைக் கொண்டுவந்து விற்கும் திபெத்தியரின் கடையில் ஆறு சட்டைகள் வாங்கினேன். 1959ஆம் ஆண்டிலும் அதன் பிறகும் தம் நாட்டைவிட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். கர்நாடகத்தில் அவர்களுக்குப் பெரிய குடியிருப்புகள் உள்ளன. விலை பேசும் அளவுக்குத் தமிழ் தெரிந்த அந்த அம்மையாரிடம், "உங்க ஊரு எங்கே?" என்று கேட்டேன். கர்நாடகத்தில் உள்ள குடியிருப்பின் பெயரைச் சொன்னார். சற்று நிறுத்தி, "சொந்த ஊரு பார்த்ததில்லை" என்றார். வீட்டை விற்கும் எண்ணத்தோடு நின்றிருந்த எனக்கு அந்தச் சொல் கம்பளியைவிடக் கனமாக இருந்தது.

சட்டைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது யாருக்கும் கூச்சம் வரக்கூடாதே என்று, நன்றாக ஓதியவர்களுக்குப் பரிசு என்று சொல்லிக் கொடுத்தேன். வெல்ல ஆலைக்காரரின் மகள் உண்மையிலேயே நன்றாக ஓதுபவள்தான். எனவே அதில் பொய் இல்லை.

* * *

பிள்ளைகள் போனபிறகு எட்டு மணி வெயில் சந்துக்குள் இறங்கும். கோடையில் நாங்கள் திரை போட்டு விரட்டும் அதே வெயிலை மார்கழியில் பாய் போட்டு வரவேற்கிறோம். கிழக்கு பார்த்த திண்ணைகளுக்கு முதலில் வெயில் வரும் என்பதால், மேற்கு பார்த்த திண்ணைக்காரர்கள் கீரைக்கட்டையும் அரிவாள்மணையையும் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். மொச்சைக்காயும் அவரைக்காயும் மலிந்து வரும் காலம் அது. ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து மொச்சை உரித்தால் யாருடையது எந்த முறம் என்று தெரியாமல் போய்விடும். உரிக்கும் நேரத்தில் யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், எந்தக் கடையில் மேச்சேரி ஆட்டுக்கறி நன்றாக இருக்கிறது, யாருக்குச் சளிக்கு எந்தக் கஷாயம் கேட்டது என்று எல்லாச் செய்திகளும் உரிபட்டுவிடும். மேச்சேரி எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய செம்மறியாட்டு இனம் தமிழகமெங்கும் அறியப்பட்டது. குளிர்நாளில் அதன் கால்களை மிளகு தட்டிப் போட்டு இரவெல்லாம் சிறுதீயில் வேகவைத்த பாயாவும், காலை இடியாப்பமும் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை வழக்கம். அன்று பக்கத்து வீட்டு அக்கா மரக்கறியே உண்பார்கள் என்பதால், அவர்களுக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் தனிப்பாத்திரத்தில் முதலிலேயே போய்விடும்.

மாலையில் சுக்குமல்லிக் காப்பிக்காரர் மிதிவண்டியில் பித்தளைப் பாத்திரத்தோடு வருவார். அஸர் தொழுகைக்குப் பின் அவருடைய மணியோசை கேட்டால், ஓதிக்கொண்டிருக்கும் பெரியவர்கள்கூட ஒரு பக்கத்தை வேகமாக முடிப்பார்கள். கடைவீதி முனையில் தட்டுவடை செட் போடும் வண்டியைச் சுற்றி இளைஞர்கள் நிற்பார்கள். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே காரட்டும் பீட்ரூட்டும் துருவி வைத்து, காரச் சட்னி தடவித் தருவது எங்கள் சேலம் மாவட்டத்தின் தனிச்சொத்து.

பள்ளிவாசலின் தொழுகை நேர அட்டவணையில் ஒரு விந்தையைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். டிசம்பர் 21 அல்லது 22தான் நமக்கு ஆண்டின் மிக நீண்ட இரவு. அதன் பிறகு விடியல் முன்கூட்டியே வர வேண்டும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் எங்கள் ஊரில் சூரிய உதயம் ஜனவரி மூன்றாம் வாரத்துக்கு மேலும் தாமதமாகிக்கொண்டே போகிறது. மக்ரிபோ நவம்பர் இறுதியிலேயே பிந்தத் தொடங்கிவிடுகிறது. பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வந்து விரைந்து சுற்றுவதும், அதன் அச்சுச் சாய்வும் சேர்ந்து நண்பகலையே சற்றுத் தள்ளிவிடுவதுதான் காரணம். நடைமுறையில் இதன் பொருள், குளிர் மிகுந்த நாட்களில் சுபுஹுக்கு எழுவது எங்களுக்குச் சற்றே எளிது. குளிர்காலம் இறைநம்பிக்கையாளருக்கு வசந்தம் போன்றது, அதன் நீண்ட இரவு வணக்கத்துக்கும் குறுகிய பகல் நோன்புக்கும் உதவுகிறது என்ற கருத்து நபிமொழித் தொகுப்புகளில் வருகிறது. எங்கள் ஊரில் குளிர்காலத்து நோன்பு, கோடை நோன்பைவிட ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் குறையும். பகல் எட்டு மணி நேரத்தையும் எட்டாத டிசம்பர் மாத லண்டனில் வாழும் நம் பிள்ளைகளுக்கோ அது எத்தனை பெரிய சலுகை!

* * *

மார்கழி மூன்றாம் வாரம். ஒரு திங்கட்கிழமை மாலை என் கணவர் கடைக்குச் சரக்கெடுக்க ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போனார். அந்தச் சந்தை திங்கள் மாலை கூடிச் செவ்வாய் வரை நடக்கும் என்பதால் இரவு அங்கேதான் தங்குவார். நான் விடைத்தாள்களைப் பார்த்துவிட்டு வெகுநேரம் கழித்துப் படுத்தேன்.

கதவை யாரோ இடிக்கும் ஓசையில் விழித்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் குரல். "டீச்சரம்மா! டீச்சரம்மா! அம்மா எங்கே? மணி அஞ்சாகப் போகுது, ராட்டினம் சத்தமே கேட்கலையே!"

நான் கொல்லைக்கு ஓடினேன். மாமி கிணற்றுச் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார்கள். கையில் தாம்புக்கயிறு. மூச்சு விசில்போல் வந்துகொண்டிருந்தது, பேச வரவில்லை. குளிர்காலத்தில் அவர்களுக்குச் சற்று இளைப்பு வருவதுண்டு. அன்றுபோல் ஒருநாளும் கண்டதில்லை. எத்தனை நேரமாக அப்படி அமர்ந்திருந்தார்களோ! முற்றத்துக்கு இப்பால், பத்தடி தூரத்தில் நான் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நிமிடங்கள் என் கையில் இல்லை. அக்கா மாமியை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தாங்கிக்கொண்டார்கள். எதிர்வீட்டு உருதுக்காரப் பாட்டி கம்பளியோடு வந்தார்கள். ஆட்டோ ஓட்டும் தம்பி கடைவீதியில் நிறுத்தியிருந்த வண்டியை எடுக்க ஓடினார். கார் நுழையாத சந்து. தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். சுபுஹுக்குப் புறப்பட்ட இரண்டு இளைஞர்கள் தொப்பியும் கையுமாக வந்து, மாமியை நாற்காலியோடு தூக்கிக் கடைவீதிவரை கொண்டு சென்றார்கள். அக்காவின் கோலம் பாதியில் நின்றது. அதன்மேல் அத்தனை பேரும் மிதித்துப் போனோம். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, நெபுலைசர் மருந்து கொடுத்தார்கள். ஏழு மணிக்கு மாமி கண் திறந்து, "சுபுஹு களாவாயிடுச்சா?" என்று கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்றார் மருத்துவர்.

அன்று மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்து நான் நினைத்தது இதைத்தான். நெடுஞ்சாலைப் பக்கத்துப் புது வீட்டில் கார் வாசல்வரை வரும். நாற்காலியில் தூக்கிப் போக வேண்டியதில்லை. ஆயினும் சுற்றுச்சுவருக்கு அப்பால் இருக்கும் எவருக்கு, எங்கள் வீட்டில் இன்று ஓர் ஓசை குறைகிறது என்று தெரிந்திருக்கும்? எல்லாம் வெளியே கேட்கிறதே என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்று கேட்காமல் போனதைக் கேட்டுத்தான் அக்கா ஓடிவந்தார்கள். நான் அன்று எண்ணெய் ஊற்றியிருந்தால்?

* * *

மூன்றாம் நாள் மாமி வீடு திரும்பினார்கள். அன்றிரவு என் கணவரிடம் என் மனத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். கோபத்தில் பிறந்த சிரிப்புத்தான். "நாலு வருஷமா விற்கச் சொன்னதும் நீ. இப்ப வேண்டாங்கிறதும் நீ. அவருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சாக்கடை அப்படியேதான் இருக்கிறது. மகனின் குறையும் பொய்யில்லை. அவசரத்துக்கு வண்டி உள்ளே வராது என்பதை அன்றே கண்ணால் கண்டோம். எனக்குப் பதில் வரவில்லை.

உள்ளறையிலிருந்து மாமியின் குரல் வந்தது. "ஏம்மா, நீ கணக்குப் படிச்சவதானே? மார்கழி நோன்பு திரும்ப எப்ப வரும்?"

நான் படித்தது வரலாறு. இருந்தாலும் காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். பிறை ஆண்டு, சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினோரு நாள் குறைவு. அதனால் நோன்பு ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. இப்போது மாசியில் வரும் நோன்பு தைக்கு நகர்ந்து, 2030இல் மார்கழியைத் தொடும். அவ்வாண்டு ஜனவரி முதல் வாரத்தில் ஒரு ரமளானும், டிசம்பர் கடைசி வாரத்தில் இன்னொரு ரமளானும் தொடங்கும். பிறை பார்த்துத்தான் நாள் முடிவாகும் என்றாலும், ஒரே ஆங்கில ஆண்டில் இரண்டு நோன்புகள், இரண்டும் மார்கழியில் தொடங்குபவை.

சொன்னேன். மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டா?" என்றார்கள். "சரி. அது முடியட்டும். அப்புறம் வித்துக்குங்க."

என் கணவர் எதுவும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்த் திண்ணையில் அமர்ந்தார். மறுநாள் வணிகரிடம் போய், தாய் விரும்பவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். முன்பணம் வாங்காத வாய்ப்பேச்சுத்தான் என்றாலும், கொடுத்த சொல்லைத் திரும்பப் பெறுவது அவருக்கு எளிதாக இல்லை. அதற்குக் காரணம் நான் என்பதையும் நான் மறக்கவில்லை. கடைவீதியில் கார் நிறுத்த மாத வாடகைக்கு ஓரிடம் பார்த்திருக்கிறார். சாக்கடைக்காகப் பதினான்கு வீட்டாரும் கையெழுத்திட்டுப் பேரூராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம். கையெழுத்து வாங்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லாரும் திண்ணையில்தான் இருந்தார்கள்.

மருத்துவர் மாமியைக் குளிரில் கிணற்றடிக்குப் போகக்கூடாது என்று தடுத்துவிட்டார். எனவே நாலரை மணிக்கு நான் எழுந்து இரண்டு வாளி சேந்தி, ஒன்றை மாமியின் கட்டிலருகே கொண்டுபோய் வைக்கிறேன். முதல் நாள் கை காய்த்தது. இரண்டாம் வாரத்தில் தஹஜ்ஜுத் தொழுகை எனக்கும் வழக்கமாகிவிட்டது. ராட்டினத்துக்கு எண்ணெய் போடவில்லை.

அன்புச் சகோதரிகளே! உங்கள் ஊரிலும் இத்தகைய சந்துகள் இருக்கும். போவதா இருப்பதா என்ற கேள்வியும் பல வீடுகளில் இருக்கும். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போக வேண்டிய தேவை பலருக்கு இருக்கிறது. ஆனால் போகுமுன் ஒரு குளிர்காலமேனும் விடியற்காலையில் எழுந்து, உங்கள் வீட்டின் எந்த ஓசைக்காக அடுத்த வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். குறைஷ் அத்தியாயத்தின் இறுதியில் இறைவன் நினைவூட்டும் இரண்டு அருட்கொடைகள் பசிக்கு உணவும் அச்சத்துக்கு அபயமும். அந்த அபயத்தை அவன் சில வேளைகளில் அடுத்த வீட்டுக்காரர் வடிவில் வைத்திருக்கிறான்.

2030இல் எனக்கு ஐம்பது வயதாகியிருக்கும், மாமிக்கு எண்பது. அந்த இரண்டு மார்கழி நோன்புகளிலும் அவர்களுக்கு முதலில் சூடாக ஊற்றும் வாய்ப்பை வல்ல அல்லாஹ் எனக்குத் தருவானாக! ஆமீன்.